கரண்டைச் "சுத்தம்" செய்யும் பெட்டி: ஒரு நூறு வருடக் கதை

"சேர், நல்ல அம்ப்ளிபயர் ஒன்று வாங்கிட்டேன். இனி பவர் கண்டிஷனரும் வாங்கணுமாம். உண்மையா?"

இப்படிக் கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கடையில் ஒரு கதை சொல்கிறார்கள்: "நம்ம நாட்டுக் கரண்ட் அழுக்கு. அதைச் சுத்தம் செய்து கொடுத்தால்தான் பாட்டு தெளிவாகக் கேட்கும்." மறுபக்கத்தில் அனுபவமுள்ளவர்கள் சிலர், "அந்தப் பெட்டியைப் போட்டால் அம்ப்ளிபயரின் மூச்சே அடைத்துவிடும், நேராகச் சுவரில் குத்து" என்கிறார்கள். சில பெட்டிகளின் விலை அம்ப்ளிபயரின் பாதி விலை. ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை.

நான் கடைக்காரனும் இல்லை, திருத்துநனும் இல்லை. வகுப்பில் மின்னியல் படிப்பிக்கிறவன். இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். எந்தப் பாதி எங்கே பொருந்தும் என்று அறிய, இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் ஒன்றை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இரைச்சலே இல்லாத காலம்

1920களின் தொடக்கத்தில் வீட்டில் றேடியோ வைத்திருந்தவர்களுக்கு "அழுக்குக் கரண்ட்" என்ற பிரச்சினையே இருக்கவில்லை. காரணம், அந்த றேடியோக்கள் சுவர் மின்சாரத்தில் ஓடவில்லை, பெட்டரியில் ஓடின. வால்வின் இழையைச் சூடாக்க 6 வோல்ற்று ஈய அமில பெட்டரி ஒன்று. வால்வுக்குத் தேவையான உயர் அழுத்தத்துக்கு 45 வோல்ற்று உலர் பெட்டரிகள் இரண்டோ மூன்றோ தொடராக. பெட்டரி தருவது நேரோட்டம். அதில் ஏற்ற இறக்கம் இல்லை, ஆகவே "ம்ம்ம்" என்ற முனகலும் இல்லை.

ஆனால் வேறு தொல்லைகள் இருந்தன. அமிலம் சிந்திக் கம்பளம் எரிந்தது. பெட்டரியைச் சுமந்துகொண்டு போய்ச் சார்ஜ் பண்ண வேண்டும். உலர் பெட்டரி தீர்ந்தால் புதிதாக வாங்கவேண்டும். கரண்ட் உள்ள வீட்டில்கூட றேடியோவுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்தது.

"சுவரில் கரண்ட் இருக்கிறதே, அதிலேயே ஓட்டினால் என்ன?" என்று எல்லோரும் முயன்றார்கள். சுவரில் வருவது ஆடலோட்டம். நமது நாட்டில் அது ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் வால்வுக்குள் புகுந்தால் ஒலிபெருக்கியில் முனகலாக வெளிவரும். இழை மிக மெல்லியது. கரண்ட் ஏறி இறங்கும்போது அதன் சூடும் கூடவே ஏறி இறங்கும். பாட்டோடு சேர்ந்து மின்நிலையமும் பாடும்!

ரொறன்ரோ இளைஞன்

இதைத் தீர்த்து வீட்டுக்கு விற்கும் அளவுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி கனடாவின் எட்வர்ட் ரொஜர்ஸ். அமெரிக்கரான ஃபிரெடெரிக் மக்கல்லோவின் வால்வு உரிமையை வாங்கி, அதைத் திருத்தி, 1925இல் பெட்டரியே இல்லாத றேடியோவை ரொறன்ரோவில் சந்தைக்குக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 25. இரண்டு வருடம் கழித்து அவர் தொடங்கிய வானொலி நிலையத்தின் பெயர் சிஎஃப்ஆர்பி. அந்தப் பெயரின் கடைசி எழுத்து "பெட்டரி இல்லாதது" என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அந்தளவுக்கு அது பெருமைப்பட வேண்டிய விடயமாக இருந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் நயாகராவிலிருந்து தென் ஒன்ராறியோவுக்கு வந்த மின்சாரம் 25 ஹேர்ட்ஸ். நமது மின்சாரத்தின் பாதி வேகம். மின்குமிழ் இலேசாக மினுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இவ்வளவு மெதுவாக ஆடும் கரண்டைச் சமப்படுத்துவது மிகக் கடினம். அந்தப் பகுதியை 60 ஹேர்ட்ஸுக்கு மாற்றும் வேலை 1949இல் தொடங்கி 1959 வரை சென்றது. "நம்ம கரண்ட் மோசம்" என்று குறை சொல்பவர்கள் அந்த 25 ஹேர்ட்ஸை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

தீர்வு எப்படி வந்தது? இழையையே மின்னணு வெளிவிடும் பாகமாகப் பாவிக்காமல், அதைச் சுற்றி ஒரு சிறு உலோகக் குழாயை வைத்தார்கள். இழை குழாயைச் சூடாக்கும், குழாய் மின்னணுவை வெளிவிடும். தடிப்பான குழாய் சூடாகவும் ஆறவும் நேரம் எடுப்பதால், செக்கனுக்கு 50 தடவை ஆடும் ஆட்டம் அதில் தெரியாது. மெல்லிய தாச்சியில் நெருப்பைக் கூட்டிக் குறைத்தால் உடனே தெரியும், தடித்த மண்சட்டியில் தெரியாது. அதே விடயம்தான். 1927இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனமும் 227 என்ற எண்ணில் இத்தகைய வால்வை வெளியிட்டது. அதன்பின் பெட்டரி றேடியோக்கள் நகரங்களிலிருந்து மெல்ல மறைந்தன.

ரொஜர்ஸின் றேடியோ வந்த அதே 1925ஆம் வருடம் டிசம்பர் 16ஆம் திகதிதான் கொழும்பு வானொலி அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. ஆனால் இங்கே கிராமங்களுக்கு மின்கம்பம் வரப் பல தசாப்தங்கள் எடுத்தன. 1950இல் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகும் கார் பெட்டரியில் றேடியோ கேட்ட வீடுகள் ஏராளம். ஒரு விதத்தில் அவர்கள் கேட்டது மிகச் "சுத்தமான" கரண்டில்!

நல்ல ஒலிபெருக்கி வந்ததும் புதுத் தலையிடி

அதே 1925இல் இன்னொன்றும் நடந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் ஆகிய இருவரும் அசையும் சுருள் ஒலிபெருக்கி பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். இன்று உங்கள் வீட்டிலுள்ள ஸ்பீக்கரும் அடிப்படையில் அதே வடிவம்தான்.

அதற்கு முந்திய கொம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்குத் தாழ்ந்த சுரங்கள் வராது. ஆகவே 50, 100 ஹேர்ட்ஸ் முனகல் உள்ளே இருந்தாலும் காதுக்கு எட்டாது. புதிய ஸ்பீக்கர் தாழ்ந்த சுரத்தையும் எடுத்துக் கொடுத்தது. அத்தோடு அதுவரை ஒளிந்திருந்த முனகலும் வெளியே வந்துவிட்டது. ஒலி நன்றாக ஆக ஆக, கரண்டின் குறை கூடுதலாகத் தெரிந்தது. இன்றும் இதுதான் நடக்கிறது. சின்ன ஸ்பீக்கரை மாற்றிப் பெரிதாகப் போட்டவுடன் "கரண்ட் கெட்டுவிட்டது" என்கிறோம். கரண்ட் நேற்றும் அப்படித்தான் இருந்தது.

அன்றைய பொறியியலாளர்கள் இதை எங்கே வைத்துத் தீர்த்தார்கள் என்பதுதான் முக்கியம். சுவருக்கும் றேடியோவுக்கும் இடையில் இல்லை. றேடியோவுக்கு உள்ளே. முதலில் நிலைமாற்றி. அடுத்து ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கி. அதன்பின் கொள்ளளவிகளும் ஒரு பெரிய கம்பிச் சுருளும் சேர்ந்த வடிகட்டி. அக்காலத்தில் பல ஸ்பீக்கர்களில் நிரந்தரக் காந்தம் இருக்கவில்லை. மின்காந்தம்தான். அந்த மின்காந்தச் சுருளையே வடிகட்டியின் சுருளாகவும் பாவித்தார்கள். ஒரே சுருள் ஸ்பீக்கருக்குக் காந்தமாகவும் கரண்டுக்கு வடிகட்டியாகவும் வேலை செய்தது. காசையும் மிச்சம் பிடித்தார்கள், முனகலையும் குறைத்தார்கள்.

பிரித்தானியாவில் வேறு குழப்பம். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வோல்ற்றளவு. சில இடங்களில் ஆடலோட்டம், சில இடங்களில் நேரோட்டம். 1926இல் மின்வழங்கல் சட்டம் கொண்டுவந்து தேசிய மின்கட்டமைப்பை உருவாக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் குழப்பம் உடனே தீரவில்லை. அதனால்தான் பழைய பிரித்தானிய றேடியோக்களின் பின்புறம் 200 தொடக்கம் 250 வரை எண்கள் போட்ட ஒரு தெரிவு இருக்கும். ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். நமது வாப்பாமார் காலத்து றேடியோக்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு மின்சீரமைப்புத்தான். செலவு, ஒரு திருகாணி.

நாளிதழில் எழுதப்பட்ட தீர்வு

மூன்றாவது பெரிய படி 1927 ஓகஸ்ட் 2ஆம் திகதி நடந்தது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரல்ட் பிளக் என்ற இளம் பொறியியலாளர் வேலைக்குப் போவதற்காக ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தார். தொலைபேசிக் கம்பிகளில் தொடராக வைக்கப்படும் அம்ப்ளிபயர்களின் திரிபை எப்படிக் குறைப்பது என்பது அவரைப் பல வருடங்களாக வாட்டிய கேள்வி. படகில் பதில் தோன்றியது. கையிலிருந்த நியூயோர்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே சமன்பாட்டை எழுதினார்.

வெளிவரும் சமிக்ஞையில் ஒரு பகுதியை எதிராகத் திருப்பி உள்ளே அனுப்பினால், அம்ப்ளிபயர் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதே அந்தக் கருத்து. எதிர்ப் பின்னூட்டல் என்று சொல்வோம். திரிபு குறைந்தது மட்டுமில்லை, மின்வழங்கலிலிருந்து வெளியீட்டில் புகும் முனகலும் பெருமளவு குறைந்தது. இன்று உங்கள் அம்ப்ளிபயரில் 100 ஹேர்ட்ஸ் முனகல் கேட்காமல் இருப்பதற்கு இந்த மனிதருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். 1930களிலேயே அம்ப்ளிபயருக்கு உள்ளே நிலைமாற்றி, சீராக்கி, வடிகட்டி எல்லாம் வந்துவிட்டன. பின்னூட்டலும் வழியில் இருந்தது. அதாவது, அம்ப்ளிபயர் என்பது ஏற்கெனவே ஒரு பவர் கண்டிஷனர். சுவர்க் கரண்டைக் கரடுமுரடாக எடுத்து, உள்ளே சமப்படுத்தி, அதன்பின்தான் பாட்டுக்குக் கொடுக்கிறது. கூரையில் தண்ணீர்த் தாங்கி வைத்த வீட்டில், குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் குளியலறையில் சீராக வரும் அல்லவா? அம்ப்ளிபயரிலுள்ள பெரிய கொள்ளளவிகள் அந்தத் தாங்கி.

ஒரு கணக்கு பாருங்கள். 10,000 மைக்ரோபரட் கொள்ளளவியிலிருந்து 2 அம்பியர் இழுக்கிறோம். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு 10 மில்லிசெக்கனுக்கும் ஒரு தடவை அது நிரம்பும். இடைப்பட்ட நேரத்தில் அதன் அழுத்தம் இறங்குவது ஏறத்தாழ 2 வோல்ற்று. 40 வோல்ற்றில் 2 வோல்ற்று ஆடும். அந்த ஆட்டத்தை மீதிச் சுற்று கவனித்துக்கொள்ளும்.

அப்படியென்றால் வெளிப்பெட்டி எங்கிருந்து வந்தது?

அது பாட்டுக்காகப் பிறக்கவில்லை. 1938இல் ஜோசப் சோலா என்பவர் மாறா அழுத்த நிலைமாற்றியைக் கண்டுபிடித்தார். உள்ளே வரும் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், இரும்பு அகணியின் காந்த நிரம்பலைப் பாவித்து வெளியே ஏறத்தாழ ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும். அசையும் பாகம் எதுவுமில்லை. ஆய்வுகூடக் கருவிகளுக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் பெரும் உதவி.

1960களின் இறுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோக்கா துத்தநாக ஒக்சைட்டு மாறுதடையை உருவாக்கினார். சாதாரண அழுத்தத்தில் சும்மா இருக்கும். திடீரென்று பேரழுத்தம் வந்தால் கதவைத் திறந்து அதை வேறு வழியில் அனுப்பிவிடும். இன்று சேர்ஜ் புரொடெக்டர் என்று நாம் வாங்கும் பலகைகளுக்குள் நாணயம் போல இருப்பது அதுதான்.

பிறகு கணினிகள் வந்தன. ஒரு செக்கனின் சிறு பங்கு கரண்ட் தாழ்ந்தாலே கணக்கெல்லாம் அழிந்துவிடும். 1970களின் இறுதியில் அமெரிக்கக் கணினி உற்பத்தியாளர் சங்கம், எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு ஏற்ற இறக்கத்தைக் கணினி தாங்க வேண்டும் என்று ஒரு வளைகோடே வரைந்தது. மின்சீரமைப்பு ஒரு பெரிய தொழிலாக வளர்ந்தது. அதே பெட்டிகள் பிறகு அழகான முகப்போடு ஆடியோக் கடைக்கும் வந்தன.

கணினிக்கு நல்லது அம்ப்ளிபயருக்கும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேதான் சிக்கல்.

எப்போது இடைஞ்சல்?

பழைய பாணி அம்ப்ளிபயர், அதாவது பாரமான நிலைமாற்றி உள்ள வகை, கரண்டைச் சீராகக் குடிப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும், ஒவ்வொரு 10 மில்லிசெக்கனிலும் ஏறத்தாழ 2 மில்லிசெக்கனுக்கு, ஒரே மிடறாகக் குடிக்கும். சராசரி 1.3 அம்பியர் என்றால் உச்சியில் 6 அம்பியர் போகலாம்.

இந்த வழியில் 500 வோல்ற்று அம்பியர் அளவுள்ள தனிமைப்படுத்தும் நிலைமாற்றி ஒன்றை வைப்போம். முழுச் சுமையில் 5 சதவீதம் அழுத்தம் இறங்கும் வகை என்றால், அதன் உள்தடை ஏறத்தாழ 5.3 ஓம். 6 அம்பியர் மிடறுக்கு 32 வோல்ற்று இறங்கும். 230 வோல்ற்று மின்சாரத்தின் உச்சி 325. அதில் 32 என்றால் பத்தில் ஒன்று. அம்ப்ளிபயரின் உள்ளழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் அதன் உச்ச வலு 100 வாற்றிலிருந்து 81 வாற்றுக்கு இறங்கும்.

"மூச்சு அடைக்கிறது" என்று சொல்பவர்களின் பாதி உண்மை இதுதான். ஆனால் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 100க்கும் 81க்கும் இடையிலான வித்தியாசம் காதுக்கு 1 டெசிபெலுக்கும் குறைவு. அதுவும் முழுச் சத்தத்தில் வைத்தால் மட்டும். வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது அம்ப்ளிபயர் ஓரிரு வாற்றில் ஓடும். அப்போது எந்த அடைப்பும் இல்லை. ஆக, சிறிய பெட்டிக்குப் பெரிய அம்ப்ளிபயரைக் குத்தி, கல்யாண வீட்டுச் சத்தத்தில் வைத்தால் இடைஞ்சல். இல்லாவிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை.

சோலா வகைப் பெட்டியின் குறை வேறு. அதன் ஆரம்ப வடிவங்களில் அலையின் தலை தட்டையாக வெளிவரும். அம்ப்ளிபயர் குடிப்பதோ உச்சியில். உச்சியே தட்டையானால் அழுத்தம் குறையும். இன்னொன்று, அது மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. சிறிய ஜெனரேட்டரின் வேகம் ஏறி இறங்கும்போது அதன் வெளியீடும் ஆடும். போதாததற்கு அந்தப் பெட்டியே சூடாகி முனகும். முனகலைப் போக்க வாங்கிய பெட்டி முனகினால் யாரிடம் போய்ச் சொல்வது?

நமது கடைகளில் கிடைக்கும் மலிவான ஸ்டெபிலைசர்கள் பெரும்பாலும் ரிலே வகை. "டக்" என்று படி மாறும். குளிர்சாதனப் பெட்டிக்கு அது பரவாயில்லை. பாட்டின் நடுவில் சில அம்ப்ளிபயர்களில் அந்த "டக்" ஸ்பீக்கரிலும் கேட்கும்.

1990களின் இறுதியில் அமெரிக்காவின் பிஎஸ் ஓடியோ நிறுவனம் வேறு வழியில் போனது. சுவர்க் கரண்டை நேரோட்டமாக்கி, அதிலிருந்து புதிதாக ஆடலோட்டத்தைத் தயாரிக்கும் பெட்டி. நல்ல யோசனை. ஆனால் உள்ளே இருப்பது என்ன தெரியுமா? இன்னொரு அம்ப்ளிபயர்! பாட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு சுரத்தை ஓயாமல் பாடும் அம்ப்ளிபயர். அதன் மின்வழங்கலும் அதே சுவரிலிருந்துதான்.

இதன் உச்சக்கட்டம் ஜப்பானில். தங்கள் வீட்டு முற்றத்தில் தனி மின்கம்பமும் தனி நிலைமாற்றியும் நட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒருவர் 40 அடிக் கொங்கிரீட் கம்பத்துக்கு ஏறத்தாழ 10,000 டொலர் செலவழித்ததாக 2016இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் எழுதியது. அவர்களின் ஆசைக்கு நாம் குறுக்கே நிற்க வேண்டாம்.

எப்போது உதவி?

உதவும் இடங்களும் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது.

முதலாவது, அழுத்தம் உண்மையிலேயே குறைந்த ஊர்கள். மின்கம்பியின் கடைசியிலுள்ள வீடுகளில் மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில் எல்லோரும் பாவிக்கும்போது 230 இருக்க வேண்டிய இடத்தில் 200, 180 என்று இறங்கும். 200 வோல்ற்றில் அந்த 100 வாற்று அம்ப்ளிபயர் ஏறத்தாழ 75 வாற்றுத்தான் தரும். 180இல் 61. அங்கே போதிய அளவுள்ள நல்ல ஸ்டெபிலைசர் நிச்சயம் உதவும். மின்சார சபைக்கு முறைப்பாடு செய்வது அதைவிட உதவும்.

இரண்டாவது, வட்ட வடிவ நிலைமாற்றி உள்ள அம்ப்ளிபயர்கள். வீட்டில் யாராவது தலைமுடி உலர்த்தியைப் பாதிச் சூட்டில் போட்டவுடன் அம்ப்ளிபயர் பெட்டியே "உர்ர்" என்கிறதா? சில உலர்த்திகள் பாதி அலையை மட்டும் எடுப்பதால் கம்பியில் சிறிது நேரோட்டம் கலக்கிறது. வட்ட நிலைமாற்றிக்கு அது ஆகாது. இதற்கென்றே நேரோட்டம் தடுக்கும் சிறு சுற்று உண்டு. அது வேலை செய்யும்.

மூன்றாவது, குறைந்த கரண்டில் ஓடும் கருவிகள். இசைத்தட்டுக் கருவியின் முன்பெருக்கி போன்றவை. அவை பெரிய மிடறு குடிப்பதில்லை. ஆகவே வடிகட்டியால் அவற்றுக்கு அடைப்பு இல்லை, வானொலி அலை இரைச்சல் இருந்தால் குறையவும் கூடும்.

நான்காவதும் பெரியதும், பாதுகாப்பு. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் முழு நாடும் இருண்டது. கரண்ட் போவதைவிட அது திரும்பி வரும் நொடிதான் கருவிகளுக்கு ஆபத்து. அதோடு மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல். இங்கே மாறுதடை வைத்த பாதுகாப்புப் பலகை உதவும். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, பல பலகைகள் அந்தப் பேரழுத்தத்தைப் புவிக்கம்பி வழியாகவே வெளியேற்றும். வீட்டில் புவித்தொடுப்பு இல்லையென்றால் அந்தக் கதவு திறந்து பயனில்லை. இரண்டு, ஒவ்வொரு அடியிலும் மாறுதடை தேயும். பல வருடப் பலகை வெறும் நீட்டுக்கம்பிதான். பக்கத்தில் விழும் மின்னலுக்கு எந்தப் பெட்டியும் ஈடில்லை. பிளக்கைக் கழற்றுவது ஒன்றே வழி, அதற்குக் காசும் இல்லை.

மின்வெட்டுக்கு இன்வேட்டர் வாங்கியவர்களுக்கும் ஒரு சொல். மலிவான இன்வேட்டர்கள் தருவது சைன் அலை இல்லை, படிக்கட்டு அலை. பாரமான நிலைமாற்றி உள்ள அம்ப்ளிபயர் அதில் முனகும், கூடுதலாகச் சூடாகும். அது அம்ப்ளிபயரின் குறையல்ல.

உயிரோடு விளையாடும் ஒரு விடயம்

இந்தப் பதிவில் ஒரே ஒரு பந்தியைத்தான் வாசிப்பீர்கள் என்றால், இதை வாசியுங்கள்.

வீடுகளில் கேட்கும் முனகலில் பெரும்பகுதி "அழுக்குக் கரண்டால்" வருவதே இல்லை. தொலைக்காட்சி, கணினி, அம்ப்ளிபயர் என்று பல கருவிகளைக் கம்பியால் இணைக்கும்போது, அவற்றின் புவித்தொடுப்புகளுக்கிடையில் ஒரு வளையம் உண்டாகி, அதில் 50 ஹேர்ட்ஸ் ஓட்டம் பாய்கிறது. பவர் கண்டிஷனர் இதை அநேகமாகத் தீர்க்காது, ஏனென்றால் முனகல் வருவது மின்கம்பியால் இல்லை, ஒலிக்கம்பியால்.

இதற்குச் சிலர் சொல்லும் "வைத்தியம்": பிளக்கின் புவி முனையைக் கழற்றிவிடு, அல்லது இரண்டு முனைப் பிளக் போடு. முனகல் நின்றுவிடும், உண்மை. ஆனால் உலோக உடல் கொண்ட அம்ப்ளிபயருக்குள் ஒரு கம்பி கழன்று உடலில் பட்டால், 230 வோல்ற்று அந்த உடலில் காத்திருக்கும். ஓடிப்போய் ட்ரிப் சுவிட்சை விழுத்த வேண்டிய கரண்டுக்கு வழி இல்லை. அடுத்து அதைத் தொடும் பிள்ளைதான் வழி. முனகலோடு வாழலாம். எந்தக் காரணத்துக்காகவும் புவி முனையைக் கழற்றாதீர்கள். கழற்றியிருந்தால் இன்றே பொருத்துங்கள்.

வளையத்துக்குச் சரியான மருந்து எளிது. எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்க் குதையிலிருந்து எடுங்கள். ஒலிக்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எது முனகலைக் கொண்டுவருகிறது என்று பாருங்கள். கண்டுபிடித்த கம்பியில் ஒரு சிறு சமிக்ஞை நிலைமாற்றியைப் போடுங்கள்.

சரி, வாங்கவா வேண்டாமா?

இப்போது வரும் சிறிய டிஜிட்டல் அம்ப்ளிபயர்கள் பலவற்றில் பாரமான நிலைமாற்றியே இல்லை. பின்புறத்தில் 100 தொடக்கம் 240 வோல்ற்று என்று எழுதியிருந்தால், உள்ளே உள்ள மின்வழங்கல் அந்த எல்லைக்குள் எது வந்தாலும் தானே சமாளிக்கும். அத்தகையவருக்கு ஸ்டெபிலைசரோ விலையுயர்ந்த கண்டிஷனரோ தேவையில்லை. மின்னல் பாதுகாப்பு மட்டும் போதும்.

மற்றவர்களுக்கு என் ஆலோசனை, காசு செலவழிக்கும் ஒழுங்கில்:

1. முதலில் தகுதியான மின்னிணைப்பாளரைக் கொண்டு வீட்டுப் புவித்தொடுப்பையும் ட்ரிப் சுவிட்சையும் பரிசோதியுங்கள். இது அம்ப்ளிபயருக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள அனைவருக்கும்.

2. மாலை 7 மணிக்குப் பிறகு சில நாட்கள் அவரைக் கொண்டே வோல்ற்றளவை அளந்து எழுதிவையுங்கள். 220க்கு மேல் நிலையாக இருந்தால் ஸ்டெபிலைசரை மறந்துவிடுங்கள்.

3. நல்லதொரு சேர்ஜ் பாதுகாப்புப் பலகை. அதோடு இடி கேட்டால் பிளக்கைக் கழற்றும் பழக்கம்.

4. முனகல் இருந்தால் முதலில் வளையத்தைத் தேடுங்கள்.

5. இவ்வளவும் செய்த பின்னும் குறை இருந்தால், திருப்பிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையில் ஒரு கண்டிஷனரைக் கொண்டுவந்து கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் ஒருவர் அதைப் போட்டும் கழற்றியும் வைக்கட்டும். பத்துத் தடவையில் எத்தனை தடவை சரியாகச் சொல்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஐந்து, ஆறு என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரொஜர்ஸ், ரைஸ், கெலொக், பிளக் எல்லோரும் நல்ல கரண்ட் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வரும் கரண்ட் எப்படியிருந்தாலும் நல்ல ஒலி வரும்படி கருவியைச் செய்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னரே கருவிக்குள் வைத்துத் தந்துவிட்ட ஒன்றுக்கு இன்று வெளியே இன்னொரு தடவை காசு கொடுப்பதற்கு முன், அது உள்ளே ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். பழைய அம்ப்ளிபயர் என்றால் காய்ந்துபோன கொள்ளளவிகளை நல்ல திருத்துநரிடம் கொடுத்து மாற்றினால், அநேகமாக அந்த முனகல் அங்கேயே நின்றுவிடும். நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பின்னும் அவற்றில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

உங்கள் ஊரில் மாலை வேளையில் எத்தனை வோல்ற்று வருகிறது என்று அளந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு எழுதினால் மற்றவர்களுக்கும் உதவியாக இருக்கும்.